திருப்பினால் அம்மா

சாமி,

இதை நீ படிக்கிறபோது உனக்கு என்னைவிட வயது கூடியிருக்கும். எனக்கு அடுத்த மாதம்தான் இருபது ஆகிறது. உனக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும். உன் கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு இதை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அப்போது உனக்கு மீசை இருக்கும். இதை எழுதின பெண் உன் எதிரே வந்து நின்றால் தங்கச்சி மாதிரித்தான் தெரிவாள். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு எவ்வளவு பாத்தியதை இருக்கிறது என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதிவைக்கிறேன். நேரில் என்றால் எனக்கு வாய் வராது. வயதானாலும் வந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சேலத்தில் ஒரு மாடியில், தையல் மிஷின்கள் எல்லாம் துணி போர்த்திக் கிடக்கிற அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னோடு தங்கியிருக்கிற பெண்கள் கடைவீதிக்குப் போய்விட்டார்கள். நீ மலைமேல் வளப்பூரில் உன் அத்தை வீட்டில் இருக்கிறாய். சாப்பிட்டுத் தூங்குகிற நேரம். உன் அத்தை, அதாவது உன் அப்பாவின் அக்காவை, நான் நங்கையா என்றுதான் கூப்பிடுவேன். நான் இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் ஐந்து மாதம் இருக்க வேண்டும். ஒரு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு ஏன் போனாய் என்று நீ என்றைக்காவது கேட்பாய். கேட்காவிட்டாலும் ஊரில் யாராவது உனக்குச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும்.

முதலில் நான் எப்படிப்பட்டவள் என்று சொல்கிறேன். நான் ஒன்பதாவது பாதியில் நின்றுவிட்டேன். பஸ் தூரம், மிளகு பறிக்க வீட்டில் ஆள் இல்லை என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். அது பாதிதான். பள்ளிக்கூடத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது எழுந்து ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு சொல் என் தொண்டையைத் தாண்டாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குடும்பத்தோடு மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குப் போன பிறகு, நான் வகுப்பில் உட்கார்ந்துகொண்டே வராதவள் ஆகிவிட்டேன். ஐயா மேல் தப்பில்லை. அவ்வளவு பிள்ளைகள், அவர் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே போவார். கடைசியில், உங்கள் பெண் பாதி நாள் வருவதில்லை என்று மலையில் எங்கள் ஊர்ப்பக்கமான திருப்புலி நாட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். எங்கப்பா மரவள்ளிக் காட்டிலிருந்து வந்து, மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

“தினமும் கெளம்பிப் போறியே, எங்க கண்ணு போற?”

பள்ளிக்கூடத்தில்தான் இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “புள்ளைக்கு நாட்டமில்லாட்டி உடுங்க, அடிச்சா வரும்” என்றார் எங்கம்மா. அப்படித்தான் நின்றேன். யாரும் என்னை நிறுத்தவில்லை, நானாகவும் நிற்கவில்லை. நீ அப்படி இருக்காதே, கண்ணு. இருக்கிற இடத்தில் இருக்கிறேன் என்று சொல்லிவிடு. குரல் கீச்சென்று வந்தாலும் பரவாயில்லை.

பெஞ்சுக்கு அடியில் அந்த நாளெல்லாம் என் கை சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகைகளை எங்கம்மா தூக்கிப் போட மாட்டார், அரிசிப் பானை மூடிமேல் அடுக்கி வைத்திருப்பார். நல்ல கெட்டி அட்டை. அதை நீளநீளமாக நறுக்கி ஒட்டி மடிப்பேன். எழுதித் தீர்ந்துபோன பால்பேனாவால் முதலில் ஒரு கோடு அழுத்தி இழுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோடு இல்லாமல் மடித்தால் அட்டை தன் இஷ்டத்துக்கு உடையும். இப்படி எழுபது மடிப்பு மடித்து நம் மலைரோடு செய்தேன். மூடினால் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். இழுத்தால் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே வரைக்கும் எழுபது வளைவும் விரியும். நடுவே உல்லன் நூல் கோத்து, அதில் தீப்பெட்டி அட்டையில் ஒரு சின்ன பஸ். நூலை இழுத்தால் பஸ் ஏறும். எனக்கு நிஜ பஸ்ஸில் ஏறினால் வாந்தி வரும். இந்த பஸ்ஸில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் வரலாம்.

கல்யாணம் ஆகி வளப்பூருக்கு வந்த பிறகு துணியில் செய்ய ஆரம்பித்தேன். உன் அப்பா போர்வெல் லாரியில் வேலை பார்க்கிறவர். லாரி வடக்கே போனால் எட்டு மாதம், பத்து மாதம் கழித்துத்தான் திரும்பும். நீ என் வயிற்றில் இருந்தபோது அவர் போய், உனக்கு ஐந்து மாதம் ஆனபோதுதான் வந்து பார்த்தார். அந்த நாட்களில் நான் செய்ததுதான் பலாப்பழம். வெளியே பச்சைத் துணி, முள்ளுக்குப் பதில் நெருக்கமாக நூல் முடிச்சு. காம்புக்குப் பக்கத்தில் ஒரு வாய் இருக்கும். அதில் விரலை விட்டு உள்ளே இருப்பதை இழுத்தால் பழம் முழுதும் உள்வெளியாகப் புரண்டு ஒரு மஞ்சள் பை ஆகிவிடும். திரும்ப உள்ளே தள்ளினால் பழம். நங்கையாவின் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர் ஒருவர் வாசலூர்பட்டியில் ஏரிப் படகுத்துறைக்குப் பக்கத்தில் கடை போட்டிருக்கிறார். அவர் கடையில் பத்து பழம் தொங்கவிட்டோம். படகுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் அதை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். வாங்காதவர்களும் புரட்டிவிட்டுத்தான் போவார்கள்.

அப்படிப் புரட்டிப் பார்த்தவர்தான் சேலத்து அக்கா. சின்னப் பிள்ளைகளுக்குத் துணியில் புத்தகம், பொம்மை, எண்ணுகிற அட்டை எல்லாம் செய்து விற்கிறவர். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். பழத்தின் வாயை விரித்து உள்தையலைப் பார்த்தார். வெளித்தையலைப் பார்க்கவே இல்லை. “இத யாரு உனக்குச் சொல்லிக்குடுத்தது?” என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் பாதி நின்றுகொண்டிருந்தேன். நங்கையாதான் பதில் சொன்னார்.

“அவளே செஞ்சதுங்க. வாயில கொழுக்கட்டைய வெச்சிருக்கறா, நீங்க எங்கிட்டயே கேளுங்க.”

சேலத்தில் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள், பத்து நாள் வந்து அவர்களுக்கு இந்தப் புரட்டுத் தையலைக் கற்றுக்கொடு என்றார் அக்கா. தங்குகிற அறையில் குழந்தையை வைத்துக்கொள்ள வசதி இல்லை. முதலில் நான் முடியாது என்றுதான் தலையாட்டினேன். உன் அப்பாவுக்குப் போன் போட்டதும் அவர், “போயிட்டு வா புள்ள. நானுந்தான் பையனப் பாக்காம இருக்கறேன்” என்றார். “உங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. என்னயத்தான் கேப்பாங்க” என்றேன். போனில் எனக்குக் கொஞ்சம் வாய் வரும். அந்தப் பக்கம் பாறை குடைகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, “கேட்டா கேக்கட்டும்” என்றார்.

நங்கையாவின் பிள்ளைகள் இருவரும் நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். அவருக்கும் வீடு வெறிச்சென்று இருந்தது. “எங்கிட்ட உட்டுட்டுப் போ, என்ன முழுங்கியா போடுவேன்” என்றார். உன் முதல் பிறந்தநாள் முடிந்து, உனக்கு மொட்டை போட்ட வாரம் அது. நான் உட்கார்ந்து உனக்கு ஒரு பொம்மை செய்தேன். அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அந்தப் பொம்மைக்குக் கால் கிடையாது. இரண்டு உடம்பு, இடுப்போடு இடுப்பு ஒட்டியிருக்கும். நடுவில் ஒரு நீளப் பாவாடை. ஒரு பக்கம் மொட்டைத் தலைக் குழந்தை, அது நீ. தலைகீழாகக் கவிழ்த்தால் பாவாடை சரிந்து குழந்தையை மூடிக்கொள்ளும், மேலே அம்மா வருவாள். கறுப்பு உல்லன் நூலில் பின்னல், நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு, என் மாதிரியே. இடுப்பு துவளாமல் நிற்பதற்குப் புதுச் சட்டையோடு வருகிற அட்டையை வளையமாக வெட்டி உள்ளே வைத்தேன். இலவம் பஞ்சு அடைத்தேன். இதெல்லாம் யாரும் செய்வதுதான். நான் இன்னொன்றும் செய்தேன். அம்மாவுக்கு என் நீல நைட்டியையே வெட்டினேன். புதுத் துணி வீட்டில் இருந்தது. அந்த நைட்டியை மூன்று நாள் துவைக்காமல் போட்டிருந்து, உனக்குச் சோறூட்டி, உன்னைத் தூங்கவைத்து, அதன் பிறகு வெட்டினேன். உனக்கு என் வாசம் வேண்டும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலையை, தெரிந்த அளவுக்கு நன்றாகச் செய்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தேன்.

இப்போது ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் பத்து நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். முதல் நாள் அந்தப் பன்னிரண்டு பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தபோது நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பழத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். கை ஒரு வேலையில் இருந்ததாலோ என்னவோ, வாய் தானாகத் திறந்துகொண்டது. “உள்பக்கம் வெளிய வந்துருங்க. அதனால உள்தையலுக்குத்தான் ஒழுங்கு வேணும்” என்றேன். “இன்னொருக்கா சொல்லு கண்ணு” என்றார் ஓரத்தில் இருந்த ஒரு அம்மா. என் வாழ்நாளில் என்னிடம் யாரும் இன்னொருமுறை சொல் என்று கேட்டதில்லை. சத்தமாகச் சொல் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். நான் இன்னொருமுறை சொன்னேன். மத்தியானம் சாப்பிடும்போது ஒருத்தி, “இந்தப் புள்ளையப் பேசாத புள்ளைன்னு எவன் சொன்னான்” என்று சிரித்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் உன் நினைப்பு எனக்கு வரவில்லை, சாமி. சாயங்காலம் அது வந்தது. வந்தபோது குளிக்கிற அறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். ஆனால் அதுவரைக்கும் வரவில்லை. அது உனக்குத் தெரிய வேண்டும்.

பதினோராவது நாள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே எழுபது வளைவும் ஏறி வந்தேன். வழியெல்லாம் நீ எப்படி ஓடிவருவாய் என்றுதான் நினைத்தேன். உனக்கு அப்போது நடையே சரியாக வரவில்லை, இருந்தாலும் ஓடிவருவாய் என்று நினைத்தேன். நீ நங்கையா வீட்டு நடுவில் உட்கார்ந்திருந்தாய். பொம்மை உன் மடியில். நான் பையைக் கீழே போட்டுவிட்டு, “சாமி, அம்மா வந்துட்டேன்” என்றேன். நீ என்னைப் பார்த்தாய். யாரோ வந்திருக்கிறார்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு குனிந்து பொம்மையின் பாவாடையைப் பிடித்து இழுத்தாய். அம்மா முகம் வெளியே வந்தது. “ம்மா” என்று எனக்குக் காட்டினாய். காட்டிவிட்டு அதை மார்போடு அணைத்துக்கொண்டாய்.

நங்கையாவுக்கு ஒரே பெருமை. “பாத்தியா புள்ள, நீ செஞ்சது எப்பிடி வேல செய்யுதுன்னு. நீ போன அன்னிக்கு ஒரு கொரல் அழுதான். இத எடுத்துத் திருப்பிக் காட்டுனேன். அவ்ளோதான், அப்பறம் ஒரு நாளும் அழுவுல. ராத்திரி இது மூஞ்சில வாய வெச்சுக்கிட்டே தூங்கிப் போவான்.”

அவர் என்னைப் பாராட்டித்தான் சொன்னார். நான் தூக்கப் போனேன். நீ உடம்பை விறைத்துக்கொண்டு அத்தையின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாய். அப்போது எனக்குப் புரிந்தது. உனக்கு அப்பா என்றால் செல்போன். போன் அடித்தால் “ப்பா” என்பாய். அம்மா என்றால் பொம்மை. நங்கையா மட்டும்தான் உனக்கு ஆள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நான் இல்லாத இடத்தை அடைக்க ஒரு பொருள் செய்தேன். அது இடைவெளி இல்லாமல் அடைத்துவிட்டது. மோசமாகச் செய்திருந்தால், புதுத் துணியில், வேறு யார் முகமோ மாதிரிச் செய்திருந்தால், நீ அதைத் தூக்கி எறிந்துவிட்டு என்னைத் தேடியிருப்பாய்.

மூன்றாம் நாள்தான் நீ என்னிடம் வந்தாய். அதுவும் நான் அந்த நைட்டியின் மீதித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது. முதலில் துணியை மோந்தாய். பிறகு என் கழுத்தை. பிறகு ஒரு மாதம் முழுக்க என்னை விட்டு இறங்கவே இல்லை. மிளகுக் கொடிக்கடியில் நான் கூடையோடு நின்றால் என் முட்டியைக் கட்டிக்கொண்டு நிற்பாய். அந்த ஒரு மாதம் எனக்குப் போதும் என்று உனக்குத் தோன்றும். போதவில்லை. கை பலாப்பழத்தைத் தைத்துக்கொண்டிருக்கும், மனது சேலத்து மாடியில் இருக்கும். ‘இன்னொருக்கா சொல்லு கண்ணு’ என்கிற குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். அக்கா மறுபடியும் போன் செய்து, ஆறு மாதம் வா, புதிதாக ஒரு துணிப் புத்தகம் முழுக்க உன் யோசனையில் செய்யலாம் என்று கேட்டார். வாரேங்க என்று சொன்னேன். யாரும் தள்ளவில்லை. உன் அப்பாவின் சம்பளத்தில் நமக்குக் கஞ்சிக்குக் குறைவில்லை. நான் போக ஆசைப்பட்டேன். ஊரில் யாராவது, பாவம், உங்கம்மா கஷ்டத்துக்காகப் போனாள் என்று உனக்குச் சொன்னால், அதை நம்பாதே.

இந்தத் தடவை பொம்மையை உன்னிடம் விட்டுப் போவதில்லை என்று முடிவு செய்தேன். நங்கையா ஒத்துக்கொள்ளவில்லை.

“அது இல்லாட்டி அழுவான்டி.”

“அழுவட்டுங்க நங்கையா.”

“என்ன பேச்சு பேசற? பச்சப் புள்ளைய அழ உட்டுட்டுப் போறேங்கற.”

“அழுதாத்தான என்னயத் தேடறான்னு அர்த்தம்.”

நங்கையா உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “பேசாம இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்த” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தன் பிள்ளை அழ வேண்டும் என்று ஒரு அம்மா ஆசைப்படலாமா என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணு. நான் ஆசைப்பட்டேன். என்னை நினைத்து இந்த உலகத்தில் ஒருவன் அழுகிறான் என்று இருந்தால், ஆறு மாதத்தையும் அதைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். பொம்மையைத் துணிகளுக்கு அடியில் பையில் வைத்துக்கொண்டேன்.

காலை பஸ். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நங்கையா வந்தார். உனக்கு நான் போகிறது தெரியவில்லை. பஸ்ஸைக் காட்டிச் சிரித்தாய். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும்தான் உன் முகம் மாறியது. இரண்டு கையையும் நீட்டினாய். நான் நினைத்த அழுகைதான். ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. மூச்சு உள்ளே போய், திரும்பி வராமல், உன் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. நங்கையா உன் முதுகில் தட்டினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். “எறங்கறியாம்மா, இல்ல வாரியா?” என்று கண்டக்டர் கேட்டார். நான் பையைத் திறந்து, துணியெல்லாம் சீட்டில் கொட்ட, பொம்மையை எடுத்து ஜன்னல் வழியே நீட்டினேன். நானே திருப்பி, அம்மா முகத்தை மேலே வைத்து நீட்டினேன்.

நீ வாங்கிக்கொண்டாய். மூச்சு வந்தது. ஒரு விக்கல். அவ்வளவுதான். பின்னலைப் பிடித்துக்கொண்டு, அந்த முகத்தில் உன் கன்னத்தை வைத்துக்கொண்டாய். பஸ் நகர்ந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டு வந்தேன். வளைவு வருகிற வரைக்கும் பார்த்தேன். நீ நிமிர்ந்து பார்க்கவில்லை.

கொடுத்ததற்காக நான் வருத்தப்படவில்லை. மறுபடியும் அந்த ஜன்னலில் இருந்தால் மறுபடியும் கொடுப்பேன். நங்கையாவுக்கு வாரம் இரண்டு தடவை போன் செய்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறாயாம், கடைவாய்ப்பல் இரண்டு வந்துவிட்டதாம், அழுவதில்லையாம். “போனை அவன் காதுல வெக்கட்டுமா?” என்று கேட்கிறார். வேண்டாங்க என்று சொல்லிவிடுகிறேன். போனில் நான் பேசினால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். கையிலிருக்கிற முகத்தைத் திருப்பிப் பார்ப்பாய்.

ஐந்து மாதம் கழித்து நான் வரும்போது எத்தனை நாளில் என்னிடம் வருவாய் என்று தெரியாது. மூன்று நாள் ஆகலாம், முப்பது நாளும் ஆகலாம். நான் காத்திருப்பேன். நீயும் உன் வாழ்க்கையில் யாருக்காகவாவது காத்திருக்க வேண்டி வரும். உன்னைக் கட்டிக்கொள்கிறவள் என்னை மாதிரி வாய் வராதவளாக இருந்தால், பேசு பேசு என்று அவளை அவசரப்படுத்தாதே. அவள் ஏதாவது வேலையாக இருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள். அவளுக்கு எங்கேயாவது போக ஆசை இருந்தால், அதை ஆசை என்றே அவள் சொல்லும்படி இரு. உன் பிள்ளைக்கு வெறும் குரலாக மட்டும் இருந்துவிடாதே. வேறு என்ன சொல்வது, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

கீழே படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. பெண்கள் வந்துவிட்டார்கள். முடித்துக்கொள்கிறேன். இதை உன் கையில் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் நிற்க மாட்டேன், கூச்சமாக இருக்கும். ஆனால் வீட்டில்தான் இருப்பேன். அடுப்படியிலோ மிஷினுக்கு முன்னாலோ, நீ என்ன செய்கிறாய் என்று பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு இருப்பேன். நீ எழுந்து வர வேண்டாம். கூப்பிடவும் வேண்டாம். படித்து முடித்ததும் ஒரு தடவை நிமிர்ந்து பார்.

அம்மா